‘சோஃபேர்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

பண்டை யூதச் சமூகம் பற்றிய பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எழுதுவதையே பணியாகக் கொண்டு எபிரேயத்தில் ‘சோஃபேர்’ எனப்படுபவருக்கு ஒரே சொல்லைத் தேடுகிறேன். பழைய தமிழ் விவிலியம் யோசியா மன்னனின் அரசவையிலிருந்த சாப்பானைச் ‘சம்பிரதி’ என்றும், பின்னாளில் திருச்சட்டம் கற்பித்த எஸ்றாவை ‘வேதபாரகன்’ என்றும் குறிக்கிறது. 45ஆம் சங்கீதத்திலோ அதே சொல் ‘எழுதுகிறவன்’ ஆகிவிடுகிறது. மூலத்தில் ஒன்றாக இருப்பது தமிழில் மூன்றாகச் சிதறினால், அரண்மனை எழுத்துப் பணியிலிருந்தவர் திருச்சட்டத்தை விளக்கும் அதிகாரம் பெற்ற கதையை மாணவர் எப்படி உணர்வார்?

*

அம்மா, ‘கணக்காயர்’ என்று துணிந்து எழுதுங்கள். ‘சோஃபேர்’ என்பதன் வேருக்கு எண்ணுதல் என்பது பொருள். நூலைக் குறிக்கும் ‘சேஃபெர்’ என்பதும் அவ்வேரினதே. திருச்சட்ட நூலான தோராவின் எழுத்துகளையெல்லாம் எண்ணியதால்தான் முன்னோர் அப்பெயர் பெற்றனர் என்கிறது யூதச் சமய விளக்கத் தொகுப்பான தல்மூது. நம் ‘கணக்கு’ம் அவ்வாறே நெடுங்கணக்கில் எழுத்தாகவும் கீழ்க்கணக்கில் நூலாகவும் நிற்கிறது. நக்கீரரின் தந்தையாகச் சொல்லப்படும் மதுரைக் கணக்காயனார் வரவு செலவு பார்த்தவர் அல்லர்; கணக்காயர் என்றால் அன்று ஆசிரியர். எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார் வள்ளுவர். அந்தக் ‘கண்’ணிலிருந்தே ‘கணக்கு’ பிறந்திருக்குமோ என்ற ஐயமும் எனக்கு உண்டு, அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

*

ஐயாவின் வேராராய்ச்சி இனிக்கிறது. ஆனால் இன்று மாநிலக் கணக்காயர் என்றொரு பதவி இருக்கும்போது, எருசலேமின் வரவு செலவைத் தணிக்கை செய்ய வந்தவராகவே எஸ்றாவை மாணவர் எண்ணிக்கொள்வார். அரசாணை எழுதுவோரின் தலைவரைக் குறிக்கும், சோழர் கல்வெட்டுகளின் ‘திருமந்திர ஓலை நாயகம்’ எனக்கு ஆசை காட்டியது. எனினும் யோயாக்கீம் மன்னன் எழுத்தரின் கத்தியாலேயே அறுத்து நெருப்பிலிட்டது இறைவாக்கினர் எரேமியாவுக்காகப் பாருக்கு என்னும் எழுத்தர் எழுதிய சுருளை, ஓலையை அன்று. ‘எழுத்தர்’ போதும். அலுவலக இளநிலை எழுத்தர் நினைவுக்கு வருகிறாரே என்பீர்கள். எரேமியா சொல்லச் சொல்ல மையால் எழுதிய பாருக்கின் வேலையும் அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

*

‘வேதபாரகர்’ என்பதையே வைத்தால் என்ன? வடசொல் என்று ஒதுக்குவது எளிது. திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு ‘எழுத்தர்’ யாரென்று யார் விளக்குவது?

*

அனைவருக்கும் நன்றி. வேதபாரகர் என்றால் சாப்பானுக்குப் பொருந்தாது. அவர் மன்னரின் அலுவலர். எஸ்றாவுக்கு முன் ‘எழுத்தர்’ என்றும், அவர் முதல் ‘மறைநூல் எழுத்தர்’ என்றும் எழுதுகிறேன். நிறைவில்லை, ஆயினும் நாளில்லை.

*

அம்மா, என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 304,805 எழுத்துகள் கொண்ட தோராச் சுருளில் ஓர் எழுத்துக் குறைந்தாலும், திருத்தும்வரை அது வழிபாட்டுக்கு ஆகாது. எண்ணிக் காப்பவர் என்ற பொருளை ‘எழுத்தர்’ எங்கே தருகிறது? அடிக்குறிப்பிலாவது கணக்காயருக்கு ஓரிடம் கொடுங்கள்.