சுவர் மேல் வந்த கீரைப்பை: மொரீஷியஸ் அனுபவங்கள்

பக்கத்தில் விளைவதை நேராக வாங்கிச் சாப்பிட்ட அனுபவங்களை மொரீஷியஸின் வெவ்வேறு ஊர்க்காரர்கள் எழுதியவை. மேலே இருப்பது எழுதியவரின் ஊர்.

ரோஸ் ஹில்

2020 மார்ச் கடைசி வாரம் யாருக்கும் மறந்திருக்காது. கொரோனா ஊரடங்கில் 24-ஆம் தேதி முதல் சூப்பர்மார்க்கெட், சில்லறைக் கடை, ரொட்டிக்கடை எல்லாம் மூடியாகிவிட்டது. நம் தீவில் சாப்பிடுவதில் முக்கால் பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது. எங்கள் வீட்டில் அரிசியும் பருப்பும் இருந்தன, காய்தான் இல்லை.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு தாந்தீன், அதாவது வயதான அம்மாவை இங்கே அழைக்கும் 'அத்தை'. பின்பக்கம் கையகல நிலத்தில் முருங்கை, சௌசௌ பந்தல், கொஞ்சம் கொத்தமல்லி. பதினைந்து வருடமாக அந்த அம்மாவிடம் 'போன்ஜூர்' தாண்டி நான் பேசியதில்லை. மூடிய மூன்றாம் நாள் சுவர் மேல் ஒரு பை இருந்தது: முருங்கைக்கீரை, இரண்டு சௌசௌ. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "வீட்டில் பருப்பு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அரைக் கிலோ கொடுத்தேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான் கணக்கு.

ஏப்ரல் 2-இல் சூப்பர்மார்க்கெட்டை குடும்பப் பெயரின் முதலெழுத்து வரிசைப்படி திறந்தார்கள். எனக்கு புதனும் சனியும், உள்ளே அரை மணி நேரம். வரிசையில் பார்த்தால் பிள்ளை, ராமசாமி, வீரப்பன்... கோயில் அன்னதானத்துக்கு வந்த மாதிரி இருந்தது! அதற்குள் நான் வாங்க வேண்டியது எண்ணெயும் பால்மாவும்தான்.

இன்னொன்று. அந்த அம்மா இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'பிரெத் முரூம்' என்பார். பிரெத் என்றால் கீரை. முரூம் நம் முருங்கை, கோதோமிலி நம் கொத்தமல்லி, பிபாங்காய் நம் பீர்க்கங்காய். பாட்டி சொன்ன பெயர்களை இத்தனை வருடம் கழித்து பக்கத்துச் சுவர் வழியாகக் கேட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஃப்ளாக்

நான் விளைவிக்கிற ஆள். முன்பு கரும்பு இருந்த நிலத்தில் அரை ஆர்பாங் (ஏறக்குறைய அரை ஏக்கர்) குத்தகை. ஏலத்துக்குப் போட்டால் ஒரு நிமிடத்தில் விலை முடிந்துவிடும், அந்தக் காயை யார் சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியாது. அதனால் பன்னிரண்டு வீட்டுக்கு வாரம் ஒரு கூடை நேராகக் கொடுக்க ஆரம்பித்தேன். சுகம் என்று நினைக்காதீர்கள். இலையில் ஓட்டை என்பார்கள், மறுபடியும் பீர்க்கங்காயா என்பார்கள், வண்டி கிளம்பியபின் 'இந்த வாரம் வேண்டாம்' என்று வாட்ஸ்அப் வரும்.

2024 பொங்கலன்று பெலால் புயல் அடித்தது. 25-ஆம் தேதி தைப்பூசம். காவடி விரதம் பத்து நாள், தமிழர் வீடுகளில் மீன், கறி கிடையாது. எல்லோருக்கும் காய் வேண்டியிருந்த நேரத்தில் தோட்டம் சேற்றில் படுத்துக்கிடந்தது. பரங்கியும் பச்சைப் பப்பாளியும் மிஞ்சின. வெளியில் கேட்ட விலைக்குக் கொடுத்திருந்தால் அந்த மாதக் குத்தகை கட்டியிருப்பேன். பழைய விலைக்கே பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்தேன். பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன், தூக்கத்தில்கூட நஷ்டக் கணக்குதான் ஓடியது. ஆனால் மறுநடவுக்கு விதை வாங்கப் பணமில்லாதபோது ஒன்பது வீட்டார் இரண்டு மாதக் கூடைக்கு முன்பணம் தந்தார்கள். மற்ற மூன்று வீட்டார் அதற்குப்பின் போனை எடுக்கவில்லை.

காத்ர் போர்ன்

அண்ணா, பஸாரில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் விவசாயி என்று நானும் நம்பினேன். பலர் விடியுமுன் ஏலத்தில் வாங்கி வந்து விற்பவர்கள். தப்பில்லை, அதுவும் பிழைப்புதானே. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அடுத்த வாரம் என்ன வரும்?" பயிர் வைத்தவர் டக்கென்று சொல்வார். மற்றவர் "பார்ப்போம்" என்பார்.

மாஹேபூர்

பக்கத்திலேயே வாங்கினால் கவலையில்லை என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் கதை. ஒரே மீனவரிடம் பல வருடம் படகடியிலேயே மீன் வாங்கினோம். இடைத்தரகர் இல்லை, ஐஸ்கூட இல்லை. 2020 ஜூலை 25-இல் வகாஷியோ கப்பல் பவளப்பாறையில் ஏறியது, ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. இருநூறு அடிதான் எங்கள் சங்கிலி, ஒரே நாளில் அறுந்துபோனது. அந்த வாரம் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து துணிக்குள் கரும்புச் சோகை திணித்து எண்ணெய்க்குத் தடுப்பு தைத்தோம். மீன் விற்ற கையெல்லாம் கறுப்பு. நாங்கள் வெகுநாள் உறைமீன் பொட்டலம்தான் சாப்பிட்டோம். எந்தக் கடலிலிருந்து வந்ததோ! கடற்காயல் மறுபடி திறந்தபின் அவர் முதல் மீனைக் கொண்டு வந்தபோது என் மனைவி அதை மூன்று முறை முகர்ந்து பார்த்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

ரோஸ் ஹில்

மாஹேபூர் நண்பரே, அந்த முகர்தலை யார் குறை சொல்ல முடியும்? ஃப்ளாக் அண்ணா, பதின்மூன்றாவது வீடாக என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா? பீர்க்கங்காய்க்கு முணுமுணுக்க மாட்டேன்.

அப்புறம், தாந்தீனின் சௌசௌ பந்தல் இந்த வருடம் சுவர் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்து காய்த்துக் கொட்டுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை பையோடு வாருங்கள். கொஞ்சம் பருப்பும் கொண்டுவாருங்கள்.