மின்னஞ்சல் நேர்காணலில் எவ்வளவு கை வைக்கலாம்?

வணக்கம். வேலூரிலிருந்து சிறு இதழ் ஒன்றுக்காக மூத்த எழுத்தாளர் ஒருவரை மின்னஞ்சல் வழியாக நேர்காணல் செய்கிறேன். பேட்டி எடுத்துப் பழகியவர்கள் உதவ வேண்டும்.

முதல் தவறு என்னுடையது. 22 கேள்விகளை ஒரே மடலில் அனுப்பிவிட்டேன். பாதிக்கு 'ஆம்', 'இல்லை' என்றே பதில். பாலாறு பற்றிய கேள்விக்கு மட்டும் நான்கு பக்கம்! அதுவும் பாமினி எழுத்துருவில் வந்ததால், என் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்தவே இரண்டு இரவுகள் ஆயின.

இப்போது சிக்கல் வேறு. தம் தாயின் பேச்சை எழுதுமிடத்தில் அவர் 'கீது' என்று எழுதியிருந்தார். நான் 'இருக்கிறது' என்று திருத்தினேன். 'வடாற்காடு' என்ற பழைய மாவட்டப் பெயரை 'வேலூர் மாவட்டம்' ஆக்கினேன். மெய்ப்பு பார்த்தவர் கொதித்துவிட்டார். 1989இல்தான் வடாற்காடு பிரிந்தது, எழுத்தாளர் சொல்வதோ அதற்கு முந்தைய காலம். மெய்ப்பு பார்த்தவரின் கோபம் நியாயம்தான். இரண்டையும் பழையபடி வைத்துவிட்டேன்.

ஆனால் அந்த நான்கு பக்கத்தை என்ன செய்வது? நடுவே புதிய கேள்விகளை நுழைத்து உரையாடல்போல உடைக்கலாமா? அவரிடம் கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொன்னதாக ஆகிவிடாதா? ஒற்றைச் சொல் பதில்களுக்குத் துணைக்கேள்வி அனுப்பினால் சலித்துக்கொள்வாரோ? தொலைபேசியில் பேசுவது அவருக்குப் பிடிக்காது. வெட்டியதையெல்லாம் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவீர்களா, வாக்கிய ஒழுங்கு உங்கள் உரிமை என்று விட்டுவிடுவீர்களா? அடுத்த வாரம் பக்கம் கட்ட வேண்டும்.