ஷார்டொனே ருசி: விளையும் ஊரா, வடிக்கும் கையா?

இளவேனில்: ஷார்டொனேயின் குணம் விளையும் ஊரால் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தனக்கென்று தூக்கலான வாசனை இல்லாத, வெள்ளை வைனுக்கான திராட்சை இது. வெண்ணெய் மணம், கூரான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் மாலோலாக்டிக் நொதித்தலில் உண்டாகும் டையசெட்டில் என்ற பொருளால் வருவது, வனிலா மணம் புது ஓக் மரப் பீப்பாயால் வருவது. இரண்டையும் முடிவு செய்வது வடிப்பவர். இதில் ஊர் எங்கே வந்தது?

தமிழ்க்கோ: அமிலத்தில் வந்தது. ஷாப்லி, பிரான்சின் பர்கண்டி வைன் வட்டாரத்தின் வடகோடி. ஏப்ரலில்கூட உறைபனி விழுந்து துளிர் கருகும் இடம். குளிரில் பழம் நிதானமாகப் பழுப்பதால் மாலிக் அமிலம் கரைந்து போகாமல் தங்குகிறது. ஒரு வாய் குடித்தால் பச்சை ஆப்பிள், எலுமிச்சை, அப்புறம் நாக்கின் இரு ஓரமும் கூசுகிற புளிப்பு. வெயில் கூடிய கலிஃபோர்னியாவின் நாபா சமவெளியில் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். பீச், அன்னாசி வாசனை வரும், ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தொடுவது அங்கே சாதாரணம்.

இளவேனில்: அப்படியென்றால் 1976 பாரிஸ் போட்டி? பெயரை மறைத்துச் சுவைத்த பிரெஞ்சு நடுவர்கள், வெள்ளை வைனில் கலிஃபோர்னியாவின் ஷாட்டோ மாண்டலீனா 1973-க்கு முதலிடம் கொடுத்தார்கள். பர்கண்டியின் மெர்சோ ஊர் வைன் ஒன்று இரண்டாவதாக வந்தது. ஊர் அவ்வளவு உரக்கப் பேசுமென்றால் அவர்கள் நாக்குக்கு அது கேட்டிருக்க வேண்டுமே.

தமிழ்க்கோ: அந்த வைனுக்கான பழத்தில் பெரும்பகுதி நாபாவில் விளைந்ததே இல்லை, பக்கத்து சோனோமாவிலிருந்து வந்தது. அங்கே ரஷ்யன் ரிவர் பக்கம் பசிபிக் கடல் பனிமூட்டம் உள்ளே புகுந்து தோட்டத்தைக் குளிர வைக்கும். கலிஃபோர்னியா என்று ஒரே பெயரில் சொன்னால் இந்த வித்தியாசமெல்லாம் மறைந்துவிடும்.

நிலா_ரசிகை: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஷாப்லியின் கிம்மரிட்ஜியன் என்ற பழங்காலச் சுண்ணாம்புக் களிமண்ணில் சிப்பிப் புதைபடிவம் கிடக்கிறது, அதனால்தான் வைனில் கடல் வாசனை என்பதை மட்டும் நம்பாதீர்கள். பாறையின் ருசியை வேர் உறிஞ்சி கோப்பைக்குக் கொண்டு வருவதில்லை. நீரை வடியவிடுவதும் பிடித்து வைப்பதும்தான் மண்ணின் பெரிய வேலை. நான் தமிழ்க்கோ பக்கம்தான், ஆனால் தட்பவெப்பத்துக்காக.

இளவேனில்: சரி, மண்ணை விடுங்கள். ஷாப்லியிலேயே பலர் எஃகுத் தொட்டியில் வடிக்கிறார்கள், அங்கே வைன் வடிக்கும் ராவனோவும் டோவிசாவும் பீப்பாயில். ஒரே ஊர், இரண்டு பாணி!

தமிழ்க்கோ: அவர்கள் பெரும்பாலும் பழைய பீப்பாய்தான் வைத்திருக்கிறார்கள், அது வனிலா மணம் ஏற்றாது. வைன் வாயில் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். அந்தப் புளிப்பு அப்படியே இருக்கும்.

இளவேனில்: கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் வெண்ணெயும் ஓக்கும் தூக்கலாக இருந்தன. இப்போது பலர் மெலிவாக வடிக்கிறார்கள். மனம் மாறியதால் பாணி மாறியது, ஊர் மாறவில்லையே.

தமிழ்க்கோ: மனம் மாறியவர்களில் எத்தனை பேர் பழத்துக்காக குளிர்ந்த சோனோமா கடலோரத்துக்கும் சாண்டா பார்பராவுக்கும் போனார்கள் என்று பாருங்கள். எல்லாம் கைவேலையென்றால், சூடான சமவெளியிலேயே இருந்துகொண்டு வடித்திருக்கலாமே.