மானமீட்சியா, படைவிலக்கமா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மாரிட்ஸ்பர்க் அண்ணாவின் மடலையும் அதற்கு ஃபீனிக்ஸ் அக்கா எழுதிய பதிலையும் நிதானமாகப் படித்தேன். மாணவர்களுக்கான நடப்புச் செய்தி ஏட்டில், காங்கோவிலிருந்து நம் தென்னாப்பிரிக்கப் படை திரும்பியதைப் பற்றி ஒரு பக்கம் வரப்போகிறது. படை இப்படித் திரும்புவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற அந்த ஒரு சொல் முடிவாகாமல் பக்கம் அச்சுக்குப் போகாது. அதனால் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> மானத்தோடு படையைத் திரும்ப அழைத்துக்கொள்வதற்கு 'மானமீட்சி' என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாகவும் இருக்கிறது, காதுக்கும் நன்றாக இருக்கிறது.

அண்ணா, ஓசையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கலைச்சொல் என்றால் முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'மானமீட்சி' நடந்ததைச் சொல்வதற்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. படை திரும்பியதா என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. மானத்தோடு திரும்பியதா என்பதில்தான் நாடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. அந்தச் சண்டையின் ஒரு பக்கத்தைப் பெயரிலேயே சேர்த்துவிட்டால், படிக்கிற பிள்ளைக்கு மறுபக்கம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும்.

நடந்ததை ஒருமுறை பார்த்துவிடுவோம். 2023 டிசம்பரில் தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளின் சாடெக் கூட்டமைப்பின் படை கிழக்குக் காங்கோவுக்குப் போனது. நம் நாடு, மலாவி, தான்சானியா மூன்றும் ஆள் அனுப்பின. 2025 ஜனவரி கடைசியில் எம்23 கிளர்ச்சியாளர்கள் கோமா நகரைப் பிடித்தார்கள். சாக்கே, கோமா பக்கம் நடந்த சண்டையில் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் முகாமை விட்டு வெளியே வர முடியவில்லை. சுற்றிலும் எம்23, விமான நிலையமும் அவர்கள் கையில். இறந்தவர்களின் உடல்கள் ஊர் வந்து சேரவே பிப்ரவரி பாதி ஆகிவிட்டது. மார்ச் 13 அன்று சாடெக் தலைவர்கள் கூடி, பணியை முடித்துக்கொண்டு படையைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவது என்று தீர்மானித்தார்கள். அப்புறம் வழிவிடுவது பற்றி எம்23 தரப்போடு பேச வேண்டியிருந்தது. ஏப்ரல் 29 அன்று முதல் லாரிகள் ருவாண்டா வழியாகத் தான்சானியாவுக்குப் புறப்பட்டன. எம்23-க்கு ஆள் பலமும் ஆயுதமும் தருவதாக ஐ.நா. வல்லுநர்கள் எழுதிய அதே ருவாண்டாவின் சாலையில்தான் நம் வண்டிகள் போயின.

இதில் மானம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவரான மாலேமாவின் கட்சி உடனே படையைக் கூப்பிடு என்றது. அவசரப்பட்டு ஓடிவரக் கூடாது, சமாதான முயற்சிக்கு நாம் துணை நிற்க வேண்டும் என்பது அதிபர் ரமபோசா அரசின் பேச்சு. அங்கே பறந்த வெள்ளைக்கொடியைச் சரணாகதி என்று பலர் சொன்னபோது, உடல்களையும் காயம்பட்டவர்களையும் எடுத்துவரச் செய்துகொண்ட சண்டை நிறுத்தத்தின் அடையாளம் அது என்று பாதுகாப்பு அமைச்சர் மோட்ஷேக்கா விளக்கினார். ஒரே கொடிதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு முடிந்து பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார்கள். ஒரு தகப்பனார் பேச்சோடு பேச்சாக, "அடி வாங்கிட்டு ஓடி வந்துட்டாங்க" என்றார். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று இருந்த ஜல்சேனா கடற்படை மையத்தில் இளவயதில் பயிற்சி பெற்றவர் அவர். "போகச் சொன்னவன் ஒருத்தன், வரச் சொன்னவன் ஒருத்தன். நடுவுல இருக்கிறவன் எங்கே ஓடினான்? சொல்லு!" என்று கேட்டார். குரல் நடுங்கியது. அந்தத் தகப்பனார் பதில் பேசவில்லை. பிள்ளைகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நம் ஏட்டில் வரும் சொல் அந்தப் பெரியவரின் கேள்விக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

> பேசாமல் 'பின்வாங்கல்' என்றே போடுவோம். உள்ளதைச் சொல்கிறது.

அக்கா, பின்வாங்கலும் தீர்ப்புதான், எதிர்ப்பக்கத்துத் தீர்ப்பு. சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கினான், வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினான் என்றுதான் நாம் பேசுகிறோம். களத்தில் எதிரி நெருக்கும்போது ஒரு அணி நான்கு கிலோமீட்டர் தள்ளி வந்து நிலை எடுத்தால் அது பின்வாங்கல், சரி. தலைவர்கள் மேசையில் உட்கார்ந்து ஒரு பணியையே முடித்துக்கொள்வதற்கும் அதே சொல்லைப் போட்டால், பழி முழுக்கச் சிப்பாயின் தலையில் விழும்.

நம் பழைய இலக்கணத்தையும் புரட்டிப் பார்த்தேன். ஆநிரை கவர்வதற்கு வெட்சி, அதை மீட்பதற்குக் கரந்தை, முற்றுகைக்கு உழிஞை, எதிர்நின்று பொருவதற்குத் தும்பை, வென்றால் வாகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ உண்டு. கட்டளைப்படி ஒழுங்காகத் திரும்பி வருகிற படைக்குப் பூ இல்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் வேலால் முதுகில் புண்பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான். அந்த மானம் அவன் உடம்போடு சேர்ந்தது, அவனே முடிவெடுத்தான். இன்று முடிவெடுப்பவர் ஒருவர், புண்படுபவர் வேறொருவர். அந்தக் காலத்து மானத்தை அப்படியே எடுத்து இந்தக் காலத்துத் தீர்மானத்துக்கு ஒட்டினால் பொருந்தாது என்பது என் எண்ணம்.

இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1988 ஆகஸ்ட் கடைசியில் அன்றைய வெள்ளையர் அரசின் படை அங்கோலாவிலிருந்து வெளியேறியது. நமீபியா எல்லையில் உள்ள ருண்டுவில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு, வெற்றி வீரர்களே வருக என்று பதாகை கட்டி, பத்திரிகைக்காரர்களையும் கூட்டிவைத்து வரவேற்பு கொடுத்தார்கள். அதே போரைப் பற்றி 1991-இல் கியூபாவுக்குப் போன மண்டேலா, அங்கோலாவின் குயிட்டோ குவானவாலேயில் நிறவெறிப் படை வெல்ல முடியாமல் போனதுதான் ஆப்பிரிக்க விடுதலைக்குத் திருப்புமுனை என்றார். பிரிட்டோரியாவில் உள்ள விடுதலைப் பூங்காவின் பெயர்ச்சுவரில் அங்கோலாவில் இறந்த கியூபா வீரர்களின் பெயர் இருக்கிறது, அன்றைய தென்னாப்பிரிக்கப் படையினரின் பெயர் இல்லை. அதற்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது சொல்லுங்கள் அண்ணா, 1988-இல் நடந்ததற்கு 'மானமீட்சி' என்று நம் பிள்ளைகளுக்கு எழுத முடியுமா? நான் எழுத மாட்டேன்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973 ஜனவரி 23 அன்று நிக்சன் வியட்நாம் உடன்பாட்டை மானத்தோடு கூடிய சமாதானம் என்று அறிவித்தார். மார்ச் 29-இல் கடைசிப் போர்ப்படை வெளியேறியது. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் விழுந்தது.

அமைதிப்படை விஷயம் இன்னும் நமக்கு நெருக்கமானது. 1987-இல் இலங்கைக்குப் போன இந்தியப் படையை 1989-இல் இலங்கை அதிபர் பிரேமதாசா போகச் சொன்னார். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்கப் போக மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி மறுத்துவிட்டார். அங்கே இறந்த இந்திய வீரர்கள் 1,100-க்கும் மேல். உத்தரவுக்குப் போய் உயிர்விட்டவனுக்கு இது அவமானம் என்று ஒரு கூட்டம் கொதித்தது. யாழ்ப்பாணத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்தக் கொதிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இரண்டு பேருடைய துக்கமும் உண்மை. இரண்டில் ஒன்றை அகராதிக்குள் வைக்க நமக்கு உரிமை இல்லை.

சரி, என் பரிந்துரை: தலைச்சொல் 'படைவிலக்கம்'. விலகல் இல்லை, விலக்கம். படை தானாக விலகுவதில்லை, அனுப்பியவர் விலக்குகிறார். யார் விலக்கினார் என்ற கேள்வி சொல்லிலேயே வந்துவிடுகிறது. அரசு மானத்தோடு திரும்பினோம் என்று சொன்னால், 'அரசு இப்படிச் சொல்கிறது' என்று வாக்கியத்தில் எழுதுவோம். மானம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயர் எப்போதும் இருக்கட்டும். 'கௌரவ வாபஸ்' என்றும் வைக்கலாம், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசி வகுப்பில் தமிழ் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு விலகு, விலக்கு இரண்டும் ஏற்கெனவே பாடத்தில் வந்த சொற்கள். வாபஸை நாம் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து

---

தம்பிக்கு,

பின்வாங்கலை நான் விட்டுவிடுகிறேன். சிப்பாய் தலையில் பழி விழும் என்றது சரிதான். ஆனால் 'விலக்கம்' என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. ஊர்விலக்கம், சாதிவிலக்கம் என்று நம் பாட்டிமார் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. படைவிலக்கம் என்றால் படையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்களா? வேலையை விட்டு நீக்கினார்கள் என்றும் தோன்றலாம். உன் மடலிலேயே கரந்தை வருகிறதே, மீட்டல் என்பது போர்க்களத்துச் சொல்தானே? 'படைமீட்பு' என்று வைத்தால் என்ன?

இன்னொன்று. மானம் என்ற சொல்லை அப்படியே அரசியல்வாதிகளிடம் விட்டுவிடாதே. 14 வீடுகளில் அதுதான் மிச்சம். எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் பையன் படையில் இருக்கிறான், கோமா விழுந்த வாரம் முழுக்க அவள் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. அவளிடம் போய் 'மானம் என்பது ஒரு தரப்பின் கூற்று' என்று என்னால் பாடம் நடத்த முடியாது.

ஃபீனிக்ஸிலிருந்து அக்கா

---

அக்கா,

ஊர்விலக்கத்தை நீங்கள் சொன்ன பிறகு எனக்கும் அது காதில் விழுகிறது. ஆனாலும் போர்நிறுத்தம், மதுவிலக்கு போல முன்னால் வரும் சொல் பொருளைக் கட்டிப்போட்டுவிடும். 'படைகளை விலக்கிக்கொண்டது' என்று செய்தித்தாள்களில் வெகுநாளாகப் புழங்குகிற வழக்குதான் இது. குழப்பம் வராமல் இருக்க, கட்டுரைக்குள் முதல் தடவை வரும்போது 'படையைத் திரும்பப் பெற்றது' என்று விரித்து எழுதிவிடுவோம்.

படைமீட்பு நல்ல சொல், அதை விட மனமில்லை. ஆனால் கரந்தையில் மீட்பது எதிரியின் பிடியில் இருப்பதை. கோமாவில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பேச்சு நடத்தி, வழி திறந்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது அதற்கு அப்படியே பொருந்தும். 1988-இல் பதாகைக்குக் கீழே அணிவகுத்து வந்ததற்குப் பொருந்தாது. ஆக இரண்டையும் வைத்துக்கொள்வோம்: சாடெக் மார்ச் 13-இல் தீர்மானித்தது படைவிலக்கம், ஏப்ரல் 29-இல் சாலையில் தொடங்கியது படைமீட்பு. அண்ணாவுக்கும் இது சம்மதமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அவர் மகனின் மானத்தை யாரும் குறைத்துப் பேசுவதற்கில்லை. உத்தரவை நிறைவேற்றினான், கூட்டாளியை விட்டுவிட்டு வரவில்லை என்றால் அது அவனுடையது, எந்தக் கட்சியும் அதில் பங்கு கேட்க முடியாது. நான் எதிர்ப்பது அவன் மானத்தை அவனை அனுப்பியவர்கள் எடுத்துத் தங்கள் தீர்மானத்துக்குச் சூட்டிக்கொள்வதைத்தான். 14 பேரின் பெயரையும் பக்கத்தின் மேலேயே போடுவோம், கலைச்சொல் விளக்கம் அடியில் சின்ன எழுத்தில் வரட்டும்.

ஒரு சொல் இன்னும் பாக்கி இருக்கிறது. படை திரும்பும்போது கடைசியில் நின்று காவல் காக்கிற அணிக்கு என்ன பெயர்? முன்னால் போவது தூசிப்படை, பின்னால் வருவது கூழை என்று பழந்தமிழில் இருக்கிறது. கூழைக்கும்பிடு நினைவுக்கு வந்துவிடுமே என்று தயங்குகிறேன். 'பின்காவல் அணி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள், வெள்ளி காலை பக்கத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து தம்பி