பர்மாவா, மியான்மரா? ஒபாமா அன்னைக்கு என்ன சொன்னார்?

தேக்குமரம்:
பக்கத்துத் திரியில ஒருத்தர் எழுதியிருக்கார்: "மியான்மர்னு சொல்றவன் எல்லாம் ராணுவத்துக்குச் சலாம் போடுறவன். அமெரிக்க அதிபர் ஒருத்தர்கூட அந்தப் பேரைச் சொன்னதில்லை." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 2012 நவம்பர்ல ஒபாமா யாங்கூன் போனார். அந்த நாட்டு அதிபர் தெய்ன் செய்னைப் பார்த்தப்ப மியான்மர்னுதான் சொன்னார். இதுக்கு என்ன பதில்?

ரங்கூன்பேரன்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாமே, "ஒருத்தர்" எதுக்கு? ஒபாமா அன்னைக்குச் சொன்னது மரியாதைக்கு. வெள்ளை மாளிகையே அப்படித்தான் விளக்கம் கொடுத்தது. அதே நாள் ராணுவத்தை எதிர்த்த தலைவர் ஆங் சான் சூச்சி வீட்டுல பர்மான்னார். 1989ல பர்மாங்கிற பேரை மியான்மர்னு மாத்தினது யாரு? 1988ல தெருவுல இறங்கின ஜனங்களைச் சுட்டுக் கொன்ன அதே ராணுவம். யாரைக் கேட்டு மாத்தினாங்க?

தேக்குமரம்:
மரியாதைக்கோ மண்ணாங்கட்டிக்கோ, சொன்னாரா இல்லையா?

அகிலா:
பர்மிய மொழி எழுத்து வழக்குல நாட்டோட பேர் ரொம்பக் காலமாவே மியன்மாதான். பேச்சுலதான் பமா. 1989ல மாறினது ஆங்கிலப் பேர். இரண்டும் அங்க பெரும்பான்மையா இருக்கிற பமார் இனத்தைக் குறிக்கிற பேர்தான். 1930கள்ல விடுதலைக்குப் போராடினவங்க பமான்னாதான் எல்லா இனமும் அடங்கும்னாங்க. ராணுவம் அதையே தலைகீழா மாத்தி, மியன்மான்னாதான் அடங்கும்னுச்சு. கரேன், ஷான், கச்சின் மாதிரி சிறுபான்மை இன மக்களை இரண்டு தரப்பும் கேட்கலை. நீங்க ஒபாமாவைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

தேக்குமரம்:
அகிலா, எல்லாம் சரி. ஆனா கேள்வி அது இல்லை. ஒபாமா சொன்னாரா?

குரோம்பேட்டை குமரன்:
துருக்கித் திரியை மறந்துட்டாரு போல. 2022ல ஐ.நா. 'துருக்கியே'ன்னு ஏத்துக்கிட்டப்ப, "எர்டோகன் சொன்னா நாம ஏன் மாத்தணும்"னு அங்க குதிச்சது இதே தேக்குமரம்தான். தளபதிங்க சொன்னா மட்டும் மாத்திக்கணுமா?

தேக்குமரம்:
திரிக்காதீங்க. தமிழ்ல துருக்கின்னு ஏற்கெனவே ஒரு பேர் இருக்குன்னுதான் சொன்னேன்.

குரோம்பேட்டை குமரன்:
பர்மான்னு தமிழ்ல பேர் இல்லையா? பாரிமுனையில இருக்கிறது மியான்மர் பஜாரா?

ரங்கூன்பேரன்:
அப்படிக் கேளுங்க! ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில எங்க தாத்தாவோட கடையைப் பிடுங்கிக்கிட்டு, உடுத்தின துணியோட கப்பல்ல ஏத்தி விட்டாங்க. அந்த ராணுவம் வச்ச பேரை நான் ஏன் சொல்லணும்? எங்க வீட்டுல பர்மாதான்.

வயல்காட்டான்:
என்ன கடை? வட்டிக்கடையா? 1930களோட கடைசியில கீழ் பர்மா நெல்வயல்ல ஏறக்குறைய கால் பங்கு, வட்டிக்கு விட்ட செட்டியார்கள் கையில இருந்துச்சு. அந்த ஊர் விவசாயிக்கு இருந்த கோபத்தையும் கொஞ்சம் பேசுங்க.

ரங்கூன்பேரன்:
வெத்தலைக் கடை ஐயா! பர்மாவுல இருந்த தமிழன் எல்லாம் வட்டிக்காரனா? துறைமுகத்துல மூட்டை தூக்கினவன், வயல்ல அறுப்பு அறுத்தவன் எல்லாம் யாரு? வார்த்தையை அளந்து பேசுங்க.

வயல்காட்டான்:
கேட்டது ஒரு கேள்வி. அதுக்கு ஏன் இவ்வளவு கொதிப்பு?

தேக்குமரம்:
வட்டிக்கடைக்குத் தனித் திரி போட்டுக்குங்க. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்கு அப்புறம் ராணுவத்தை எதிர்த்து நிக்கிற தேசிய ஒற்றுமை அரசு, தன் பேர்லயே மியான்மர்னுதான் வச்சிருக்கு. ரத்தம் சிந்துற அவங்களும் சலாம் போடுறவங்களா? சூச்சியே 2016ல வெளிநாட்டுத் தூதர்களைக் கூப்பிட்டு, எந்தப் பேரை வேணும்னாலும் சொல்லிக்குங்கன்னாங்க.

ரங்கூன்பேரன்:
அதே பேச்சுல, தனக்குப் பழகினது பர்மாதான்னும் சொன்னாங்களே. அதை ஏன் முழுங்கிட்டீங்க? கவிழ்ப்பு நடந்ததும் பைடன் விட்ட அறிக்கையிலயும் பர்மாதான்.

தேக்குமரம்:
பைடனை யார் கேட்டா? 2012. ஒபாமா. "ஒருத்தர்கூடச் சொன்னதில்லை"ன்னு எழுதினது நீங்க.

ரங்கூன்பேரன்:
மரியாதைக்குச் சொன்னது கணக்குல வராது.

தேக்குமரம்:
வரும்.

குரோம்பேட்டை குமரன்:
துருக்கிக்கு இன்னும் பதில் வரலை.