கோலப் படம் போட்டதும் வந்த விசாரிப்புகள்

மார்கழியில் தினமும் வாசல் கோலத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் நாத்தனார், சித்தி பெண்கள், கூடப் படித்தவர்கள். ஒருமுறை ஊடுபுள்ளி 15–8 சிக்குக் கோலம் ஒன்றை ஒரு பெரிய கோலப் பக்கம் பகிர்ந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் எல்லாம் சந்தோஷம்தான். "அக்கா, எந்தப் புள்ளியில ஆரம்பிக்கணும்?" என்று கேட்ட பெண்களுக்கு நோட்டில் வரைந்து அனுப்பினேன். ஒரு கல்லூரி ஆசிரியை எழுதியதை மறக்கவே மாட்டேன். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி மொழி இலக்கணத்தோடு பொருத்தி 1974இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள் என்றார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதான் ஒரு புள்ளி தப்பினா சிக்கு முடியாம நிக்குது" என்றார்.

பிறகு நாங்கள் மாமியார் ஊருக்குப் போயிருந்தபோது ஒருவனிடமிருந்து செய்தி: "கொஞ்ச நாளா கோலம் காணோமே, வீட்ல யாரும் இல்லையா?" வயிற்றைக் கலக்கிவிட்டது. வாசலில் கோலம் இல்லையென்றால் ஆள் ஊரில் இல்லை, அல்லது வீட்டில் துக்கம் என்பது தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டு அத்தை கவனித்தால் அது அக்கறை, அவர் ஒரு கண் வைத்துக்கொள்வார். முகம் தெரியாதவனுக்கோ அது வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற தகவல். அடுத்த செய்தியில் எங்கள் கேட்டின் நிறத்தையும் மின்கம்பத்து எண்ணையும் எழுதியிருந்தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அவனை பிளாக் செய்தேன். மகளிர் உதவி எண் 181இல் பேசினேன். அத்தைக்கும் போன் போட்டுச் சொன்னோம். இப்போது மார்கழிக் கோலங்களைத் தை பிறந்த பிறகுதான் போடுகிறேன், கோலம் மட்டும் தெரியும்படி வெட்டி.

*

அக்கா, படிக்கவே பதறுது. எனக்கு வந்தது நல்ல கவனம்தான். மாடியில் நந்தியாவட்டைச் செடியில் பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் நீலக் கண் மாதிரி ரெண்டு புள்ளியோட இருந்தது. செடி, பூச்சிகளின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் போட்டேன். யாரோ ஒருவர் ஒலியாண்டர் ஹாக் மாத் என்ற அந்துப்பூச்சியின் புழு என்று பெயர் சொல்லிவிட்டார். கூட்டுப்புழுவாகும் முன் நிறம் மாறிக் கீழே இறங்கும், தொட்டியை நகர்த்தாதீங்க என்றும் சொன்னார். அந்தத் தளத்தில் சரியான இடத்தை மறைத்துப் பதியலாம், அதனால் வீட்டு அடையாளமும் வெளியே போகவில்லை.

*

என் பாட்டி திண்ணையில் தலை வாரிக்கொண்டிருந்ததை நான் எடுத்துப் போட்ட படத்தை ஒரு கடைக்காரர் கூந்தல் எண்ணெய் விளம்பரத்தில் போட்டுவிட்டார். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான் என்று எழுதியதும் நீக்கிவிட்டார். பாட்டி அதோடு விடவில்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கே போய், தான் தலைக்குத் தேய்ப்பது வீட்டில் காய்ச்சிய எண்ணெய் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் திரும்பினார்.