கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) ட்ரிப் ஓடும்போது கை எரிச்சல்: சொட்டைக் குறைத்தால் போதுமா?

கேள்வி:
நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 (குறைவு). 500 மில்லி நார்மல் சலைனில் கேசிஎல் ஒரு ஆம்பூல் போட்டு 4 மணி நேரத்தில் ஓட்டச் சொல்லி ஆர்டர். புறங்கையில் 22 நம்பர் நீல வென்ஃப்ளான் (ட்ரிப் ஏற்றும் குழாய் ஊசி). ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே "எரியுது" என்கிறார். வீக்கம் இல்லை. சொட்டைக் குறைக்கவா, லைனை மாற்றவா?

பதில் 1:
முதலில் ரோலரை (சொட்டைக் கட்டுப்படுத்தும் உருளை) மூடுங்க சிஸ்டர், அப்புறம் இடத்தைப் பாருங்க. தொட்டால் சில்லென்று இருக்கா, இறுகியிருக்கா? அப்படியானால் மருந்து வெளியே கசியுது. வலியோடு சிவப்போ வீக்கமோ சேர்ந்தாலும் வென்ஃப்ளானை எடுத்துடணும். ஃப்ளஷ் பண்ணிப் பார்க்கலாம்னு சிரிஞ்சால் சலைனைத் தள்ளாதீங்க. ட்யூப்பில் நிற்கிற கேசிஎல் உள்ளே போயிடும். சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுக் கழற்றுங்க.

ஆர்டரில் தப்பில்லை. 15% ஆம்பூல் 10 மில்லியில் 20 மெக் (mEq, மில்லி ஈக்விவலன்ட்) பொட்டாசியம். 500 மில்லியில் போட்டால் லிட்டருக்கு 40 மெக். கை வெயினுக்கு (ரத்தக் குழாய்க்கு) வழக்கமான உச்சமே அதுதான். மணிக்கு 125 மில்லி, அதாவது 5 மெக். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. வார்டில் மணிக்கு 10 மெக்கைத் தாண்டக் கூடாது. ஆக, சிக்கல் பெரும்பாலும் புறங்கை வெயின்தான். முன்கையில் பெரிய வெயினில், அதே 22ஐப் போடுங்க. சுற்றி ரத்தம் ஓட இடமிருந்தால் எரிச்சல் குறையும்.

பதில் 2:
இன்னொண்ணு கேட்கணும். கேசிஎல்லை எப்படிக் கலந்தீங்க? தொங்குற பாட்டிலில் அப்படியே ஏத்தினால், அது சலைனைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கி, முதலில் இறங்குவதே கலக்காத கேசிஎல்லாகிடும். எரிச்சலை விடுங்க, இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரோலரை மூடி, பாட்டிலை இறக்கி, மருந்தை ஏற்றி, குறைந்தது 10 தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகுதான் மாட்டணும். சந்தேகம் இருந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிட்டு, டாக்டரிடம் சொல்லி ஈசிஜி எடுங்க.

கேட்டவர்:
எரிச்சலுக்கு லிக்னோகெயின் (மரத்துப்போகும் மருந்து) கலக்கலாமா? சலைனுக்குப் பதில் டி5இல் (5% குளுக்கோஸ் திரவம்) போட்டால் குறையுமா?

பதில் 1:
லிக்னோகெயினை நாமாகக் கலக்கவே கூடாது. மருந்து கசிவதை நோயாளி சொல்லித்தான் நமக்குத் தெரியுது, அந்த வலியையே மரக்க வைத்தால் எப்படி? டி5 இன்சுலினைத் தூண்டி, பொட்டாசியத்தை செல்லுக்குள் இழுத்துவிடும், ரத்தத்தில் இன்னும் குறையும். திரவம் தாங்குகிற நோயாளி என்றால் ஒரு லிட்டர் சலைனில் கலக்கலாமான்னு டாக்டரிடம் கேளுங்க.

பதில் 2:
சிறுநீர் சரியா போகுதான்னு பார்த்துட்டு மறுபடி ஓட்டுங்க. ரிப்பீட் சாம்பிளை எதிர்க்கையில் எடுங்க. ட்ரிப் ஓடுற கையில் எடுத்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி ட்ரிப்பை நிறுத்திடுவாங்க.